கடைக் கேமராவுக்கு அகலப் பார்வை - துணை லென்ஸ் பொருத்தும் முறை



மளிகைக் கடையானாலும் மண்டியானாலும் கேமரா இல்லாத இடம் இன்று குறைவு. ஏ.கே.விசுவநாதன் அவர்கள் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் வணிகர்களையும் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு தெருவெங்கும் கேமராக்களைப் பெருக்கினார்கள். அந்தப் பேச்சு நம் கோவை மாவட்டத்துச் சிற்றூர்க் கடைகள் வரை வந்து சேர்ந்தது. ஆனால் கேமரா போட்டவர்களில் பலர், அது எத்தனை அடி அகலம் பார்க்கிறது என்று ஒரு முறையாவது அளந்து பார்த்தது கிடையாது. நாங்களும் அளக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் கடை ஆனைமலையில். முன்பக்கத் திண்ணை 16 அடி அகலம். வலப்பக்கம் தராசு, இடப்பக்கம் வண்டி நின்று சரக்கு ஏற்றும் இடம். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு பழைய குழாய் வடிவக் கேமரா. திரையில் தராசு தெரியும், கிடங்கு வாசலில் பாதி தெரியும். பத்து வருடம் அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

ஒரு கார்த்திகை மாதம் இருப்புச் சரிபார்த்தபோது 50 கிலோ துவரம்பருப்பு மூட்டை ஒன்று குறைந்தது. சிட்டையில் இல்லை, பேரேட்டில் இல்லை. பதிவை ஓட்டிப் பார்த்தோம். எங்களிடம் 22 வருடமாகச் சுமை தூக்குபவர் கிடங்கிலிருந்து ஒரு மூட்டையோடு வருகிறார், திரையின் இடது ஓரம் போகிறார், மறைந்துவிடுகிறார். அரை நிமிடம் கழித்து வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த நேரத்துக்குப் பில் எதுவும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டோம். "வண்டியில ஏத்துனதுங்க ஐயா. யாரு வண்டின்னு ஞாபகமில்லீங்க" என்றார். கேட்ட விதம் சரியில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள், ஆழியாறு பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். "நாலு மூட்டைக்குத்தான் பில்லு போட்டிருக்கீங்க, வண்டியில அஞ்சு வந்திருக்குதுங்க. திருவிழா வேலையில இன்னைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்" என்று சொல்லி, அந்த மூட்டைக்கும் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். தப்பு எங்கள் சிட்டையில்தான் இருந்தது. வண்டி நின்ற இடம் கேமராவின் கண்ணுக்கு வெளியே இருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு நாங்களே போனோம். அவர் திரும்பி வந்தார். வந்ததும் கேமராவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இனிக் கணக்குக்கு வருவோம்.

ஒவ்வொரு லென்சுக்கும் 'குவியத் தூரம்' என்று ஒன்று உண்டு. கேமராவிலோ பெட்டியிலோ 2.8 மி.மீ., 3.6 மி.மீ., 6 மி.மீ. என்று போட்டிருப்பது அதுதான். எண் சிறியதாக இருந்தால் பார்வை அகலம், பெரியதாக இருந்தால் பார்வை குறுகல். லென்சுக்குப் பின்னால் படத்தை வாங்கிக்கொள்ளும் சிறு தகடு இருக்கிறது. அதைச் சென்சார் என்கிறார்கள். பழைய கேமராக்களில் பெரும்பாலும் காணப்படும் மூன்றில் ஒரு பங்கு இஞ்ச் வகைச் சென்சாரின் அகலம் 4.8 மி.மீ. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், வட்டிக் கணக்கைவிட இது சுலபம். கேமராவிலிருந்து எத்தனை அடி தூரமோ அதை 4.8 ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்த இடத்தில் எத்தனை அடி அகலம் திரையில் விழும் என்பது கிடைத்துவிடும்.

எங்கள் கேமராவில் இருந்தது 6 மி.மீ. லென்ஸ். திண்ணை 10 அடி தூரம். பத்தை 4.8 ஆல் பெருக்கி ஆறால் வகுத்தால் 8 அடி. பதினாறு அடித் திண்ணையில் எட்டு அடியைத்தான் இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்தோம்! அதே இடத்தில் 3.6 லென்ஸ் இருந்திருந்தால் 13 அடிக்குச் சற்று மேல், 2.8 இருந்திருந்தால் 17 அடி. கேமரா மாட்ட வந்தவர் எந்த லென்ஸ் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பேரன், கோவையில் கல்லூரியில் படிப்பவன், "அப்பாரு, முன்னாடி ஒரு லென்சை வெச்சா அகலமாயிரும்" என்று தன் செல்போனில் மாட்டும் கிளிப் லென்சைக் கழற்றிக் கொடுத்தான். அதன் விளிம்பில் 0.45 எக்ஸ் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருக்கும் லென்சின் குவியத் தூரத்தை அது 0.45 மடங்காக்கிவிடும் என்று பொருள். ஆறு மி.மீ. என்பது 2.7 மி.மீ. போல நடந்துகொள்ளும். எட்டு அடியை 0.45 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17.8 அடி. எங்கள் திண்ணைக்கு அளவெடுத்தது போல் இருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மாசாணியம்மன் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை பைனாகுலரைப் பிள்ளைகள் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்களே, எதிரே நிற்பவர் எறும்பு போலத் தெரிவார், ஆனால் சுற்றியுள்ள எல்லாமும் கண்ணுக்குள் அடங்கும். அதேதான் இது. கலிலியோ 1609இல் வானத்தைப் பார்க்கப் பயன்படுத்திய தொலைநோக்கியில் முன்னால் குவி லென்ஸ், கண் பக்கம் குழி லென்ஸ். அகலத் துணை லென்சில் குழி லென்ஸ் முன்னே, குவி லென்ஸ் பின்னே. வீட்டு வாசற்கதவில் யார் நிற்கிறார் என்று பார்க்கப் பொருத்தும் சிறு துவாரக் கண்ணாடியும் இந்த வகைதான். தூரத்திலிருந்து இணையாக வரும் ஒளி இணையாகவே வெளியேறுவதால், பின்னால் இருக்கும் கேமராவின் தெளிவு கெடுவதில்லை.

ஒரு லென்சின் முன்னே இன்னொன்றைப் போடுவது சினிமாவில் பழைய பழக்கம். பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் 1920களில் செய்த துணை லென்ஸ்தான் 1953இல் ஹாலிவுட்டில் சினிமாஸ்கோப்பாக வந்தது. அது பக்கவாட்டில் மட்டும் காட்சியை இரண்டில் ஒரு பங்காக நெருக்கிப் பிலிமில் ஏற்றும். தியேட்டரில் புரொஜக்டர் முன்னே இன்னொரு லென்ஸ் மாட்டி விரிப்பார்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த அகலத் திரை மறக்காது. அதை எடுத்தவர்கள் கையில் நல்ல லென்ஸ் இருந்தது. எங்கள் கையில் இருந்தது கிளிப்.

செல்போனுக்காகச் செய்த துணை லென்சைக் கேமரா முகத்தில் வைத்தால் அப்படியே உட்காராது. முதல் நாள் கையால் பிடித்துப் பார்த்தோம். படம் முழுவதும் பாலில் நனைந்தது போல மங்கல். அரை மணி நேரம் கேமராவைக் குறை சொன்ன பிறகுதான் காரணம் தெரிந்தது. இந்தத் துணை லென்ஸ் இரண்டு துண்டாகக் கழலும். பின் துண்டு தனியாக இருந்தால் அரிசி, மிளகு போன்றவற்றை மிக நெருக்கத்தில் படம் எடுக்க உதவும். முன் துண்டும் சேர்ந்தால்தான் அகல லென்ஸ். திருகு இரண்டு சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கியதும் படம் பளிச்சென்று வந்தது. வாங்குபவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது நான்கு மூலையிலும் கறுப்பு. கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பது போல நடுவில் மட்டும் படம். துணை லென்ஸ் கேமரா லென்சைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் விளிம்பு பார்வையை மறைக்கும். குழாய்க் கேமராவில் முகப்புக் கண்ணாடி ஒன்று ஏற்கனவே லென்சுக்கு முன்னால் இருக்கிறது. அதற்கு மேல் துணை லென்சின் பின்பக்க உலோக விளிம்பு மூன்று மி.மீ. துருத்திக்கொண்டிருந்தது. அந்த விளிம்பைத்தான் நாங்கள் அராவினோம்.

அராவும் வேலையில் அவசரம் கூடாது. கண்ணாடி இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டிக்கொள்ளவும். அராவும் பக்கம் கீழே பார்த்திருக்கும்படி பிடித்தால் அலுமினியத் தூள் கீழே கொட்டும், உள்ளே போகாது. பின் லென்ஸ் குவிந்திருப்பதால் அதன் உச்சியைவிட விளிம்பு அரை மி.மீ. உயரமாகவாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியோடு கண்ணாடி உரசிக் கீறல் விழும். அராவிய உலோகம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு பட்டே திரையில் வெள்ளைக் கீற்றுகள் வரும். பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் ஒரு பூச்சுப் போதும். எங்களுக்கு இரண்டு மூலைக் கறுப்பு முழுவதும் போயிற்று, மற்ற இரண்டில் கொஞ்சம் மிச்சம். ஆக 17.8 அடி என்ற கணக்கில் கைக்கு வந்தது 16 அடிதான். மூட்டைக்குச் சாக்கு எடை கழிப்பது போல இதற்கும் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிடிப்புக்குப் பி.வி.சி. பைப் துண்டு எடுத்தோம். கொதிநீரில் சற்று நேரம் போட்டால் பைப் இளகும். கேமரா முகத்தில் அழுத்தினால் அந்த வடிவத்துக்கு உட்கார்ந்து, ஆறியதும் இறுகிவிடும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். துணை லென்ஸ் உள்ளே தளர்வாக இருந்ததால் சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டிச் சுற்றினோம். பைப்பின் உட்புறமும் அதே கறுப்புப் பெயின்ட்.

ஒட்டுவதற்கு உடனடிப் பசையை மட்டும் எடுக்காதீர்கள். செருப்பு ஒட்டுவதற்கு வைத்திருந்த சிறு டியூபை எங்கள் பேரன் எடுத்தான். அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்புகை போல நின்றுவிடும், துணியால் போகாது. ஒரு லென்ஸ் அப்படித்தான் வீணாயிற்று. சிலிக்கான் பசையைப் பைப்பின் வெளி ஓரத்தில் மூன்று பொட்டு வைத்தால் போதும். பிறகு கழற்றவும் முடியும். மலையடிவாரத்து ஊர் ஆதலால் ஆடிச் சாரலில் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். சரக்குப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சிறிதாக ஒன்றைப் பைப்பின் ஓரத்தில் செருகி வைத்தோம்.

பகலில் எல்லாம் சரியாக இருந்தது. இரவுதான் அவமானம். திரை முழுக்க வெள்ளை. குழாய்க் கேமராவில் லென்சைச் சுற்றி ஐ.ஆர். எல்.இ.டி. விளக்குகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி எங்கள் பைப்புக்குள் அடித்து, துணை லென்சில் பட்டுக் கேமராவுக்குள்ளேயே திரும்பிவிட்டது. இன்னொரு சங்கதி: அந்த விளக்குகளுக்கு நடுவே, வெளிச்சம் இருக்கிறதா என்று அறியும் சிறு கண் ஒன்று உண்டு. அதை மூடிவிட்டால் நண்பகலிலும் கேமரா இரவு என்று நினைத்துக் கறுப்பு வெள்ளையில் காட்டும். ஆகவே பைப்பில் அந்தக் கண்ணுக்கு நேராக ஓர் ஓட்டை போட்டோம். கடைக்குள் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரவு முழுவதும் எரிய விட்டோம். வெளிச்சம் இருப்பதால் ஐ.ஆர். எரியவில்லை, வெள்ளை போயிற்று. பன்னிரண்டு மணி நேரம் வீதம் மாதம் 3.24 யூனிட் மின்சாரம். பெரிய செலவில்லை, பூனைக்கும் எலி தெரிகிறது.

இனி இழப்பைச் சொல்ல வேண்டும். அகலம் இனாமாக வருவதில்லை. எங்கள் பழைய பதிவுப் பெட்டி ஒரு படத்தை அகலவாக்கில் 960 புள்ளிகளாகப் பிரிக்கிறது. எட்டு அடிக்கு 960 என்றால் அடிக்கு 120 புள்ளி. 17.8 அடிக்குப் பரப்பினால் அடிக்கு 54தான். அறிமுகமில்லாத ஒருவரைப் படத்தைப் பார்த்து இன்னார் என்று உறுதியாகச் சொல்ல மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்றும், தெரிந்த ஆளை அடையாளம் காண 125 போதும் என்றும் கேமராத் துறையில் ஓர் ஐரோப்பியத் தர அளவு வைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் அடிக்கு 76, 38. எங்கள் 54 இரண்டுக்கும் நடுவில். நம் ஆட்கள், நம் வாடிக்கையாளர்கள் யார் என்று தெரியும். புதிதாக வந்து மிளகாய்ப் பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனவன் முகம் சொல்லும்படியாக இருக்காது.

நேர்க்கோடுகளும் வளையும். அடுக்கின் சட்டம் நடுவில் புடைத்து எண்ணெய்ப் பீப்பாய் போலத் தெரியும். ஓரத்தில் நிற்பவர் சற்றுச் சாய்ந்து தெரிவார். ஆகவே ஓரத்தில் தெரிவதை வைத்து உயரம், தூரம் முடிவு செய்யக் கூடாது. கல்லாப்பெட்டிக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். அங்கே ரூபாய் நோட்டு தெரிய வேண்டும், 6 மி.மீ. அங்கே இருக்கட்டும். திண்ணை, வண்டி ஏற்றும் இடம், கிடங்கு நடை ஆகியவற்றுக்குத்தான் அகலம் தேவை.

நான்கு மாதம் இதை ஓட்டிய பிறகு நாங்கள் வந்த முடிவு வேறு. பெரும்பாலான குழாய்க் கேமராக்களில் உள்ளே இருக்கும் சிறு லென்ஸ் 12 மி.மீ. திருகில் நிற்கிறது. அதைக் கழற்றி 2.8 லென்சை மாட்டலாம். துணை லென்ஸ், பைப், பெயின்ட் எதுவும் தேவையில்லை, மூலைக் கறுப்பும் இல்லை, ஐ.ஆர். விளக்கும் வழக்கம்போல் எரியும். திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருகித் தெளிவைச் சரிசெய்து பூட்டுத் திருகை இறுக்க வேண்டும், அவ்வளவுதான். முகப்பைத் திறப்பதால் மழை புகாத ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் போகலாம். சாரல் படும் இடத்துக் கேமராவில் விஷயம் தெரிந்தவரைக் கொண்டு செய்வது நல்லது. இதைத் துணை லென்சை அராவுவதற்கு முன்பே ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருந்தால் ஒரு பைப்பும் ஒரு லென்சும் மிச்சம். ஆனால் அராவாமல் இருந்திருந்தால் இத்தனை கணக்கும் எங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

புதிதாகக் கேமரா வாங்குபவர்களுக்கு இந்தச் சிரமமே வேண்டாம். அகலவாக்கில் 1920 புள்ளி உள்ள கேமராவில் 2.8 லென்ஸ் கேட்டு வாங்கினால், பத்தடி தூரத்தில் அடிக்கு நூறை ஒட்டிப் புள்ளிகள் நிற்கும். அகலமும் வரும், முகமும் வரும். கடையில் டேப் வைத்து அளந்து, தூரத்தையும் வேண்டிய அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கேமராக் கடைக்குப் போங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். பதிவை வழக்கில் சாட்சியாக வைப்பதானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65-பி என்று சொன்னது இதைத்தான். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வேலையாட்கள் உடை மாற்றும் இடத்தை அகலக் கண் எட்டிப் பார்க்கவே கூடாது. லென்ஸ் மாற்றிய அன்றே திரையில் எது எது விழுகிறது என்று நான்கு ஓரமும் பார்த்துக்கொள்ளவும். முன்பு தெரியாத பின்வாசல் எங்கள் திரையில் புதிதாக வந்துவிட்டது. கேமராவைச் சற்றுத் திருப்பி வைத்தோம்.

2.8 லென்சை மாட்டிய நாளில் அளவு பார்க்க யாராவது ஓரத்தில் நிற்க வேண்டியிருந்தது. சொல்லாமலே எங்கள் மூத்த சுமைப் பணியாளர் ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடத்தில் போய் நின்றார். "இப்ப நான் எறக்கறது தெரியுதுங்களா ஐயா?" என்றார். தெரிகிறது என்றோம். "வண்டி நெம்பரு?" என்றார். அது தெரியவில்லை. கேமராவை இரண்டு விரற்கடை கீழே சாய்த்தோம், தெரிந்தது. மிளகாய்த் தூசி படிவதால் கேமராவின் முகப்புக் கண்ணாடியை வாரம் ஒரு முறை பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும்; வெள்ளிக்கிழமை தோறும் கடை திறந்ததும் அவர்தான் ஏணி போட்டு ஏறித் துடைக்கிறார்.